சூடு கண்ட பூனையும் கேம் கம்பெனிகளும்

ஒரு கேமுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தேன். அதன் டிரெய்லரை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. முன்கூட்டியே பணம் கட்டி, வெளியாகும் இரவில் கண்விழித்து, டவுன்லோட் முடிந்ததும் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். திரையில் வந்தது ஒரே ஒரு வரி: சர்வர் நிரம்பியிருக்கிறது, பிறகு முயலவும். நான் தனியாக விளையாடுவதற்கென்று வாங்கிய கேம் அது. எதிராளியும் இல்லை, கூட்டாளியும் இல்லை. அதற்கு எதற்குச் சர்வர் என்று எனக்குப் புரியவே இல்லை. சில நாள் கழித்து நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. உங்கள் குரல் எங்களுக்குக் கேட்டது என்று தொடங்கும் அறிக்கை. அதற்குப் பிறகு வேறு வேறு நிறுவனங்களிடமிருந்து அதே மாதிரி அறிக்கைகளை எத்தனையோ படித்துவிட்டேன்.

குரல் கேட்டது சரி, அதிலிருந்து ஏதாவது கற்றார்களா?

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். பெரிய கேம் நிறுவனங்களுக்கு இந்தப் பழமொழி பாதிதான் பொருந்துகிறது. அவை கற்கத்தான் செய்கின்றன. ஆனால் சுட்ட அடுப்பை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்கின்றன. பக்கத்து அடுப்பு அவற்றுக்குப் புது அடுப்பு. இது ஏன் என்று, இந்தத் துறையைப் பற்றி எதுவுமே தெரியாதவருக்கும் விளங்கும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் யார் யார் என்று தெரிந்துகொள்வோம். உட்கார்ந்து கேமைச் செய்பவர்கள் ஸ்டூடியோக்காரர்கள். புரோகிராம் எழுதுபவர், படம் வரைபவர், கதை எழுதுபவர், இசையமைப்பவர் எல்லாம் அங்கேதான். அதற்குப் பணம் போட்டு, விளம்பரம் செய்து, விலை வைத்து, தேதி குறித்து விற்பவர் பப்ளிஷர். சினிமாவில் தயாரிப்பாளரும் விநியோகஸ்தரும் ஒரே ஆளாக இருந்தால் எப்படியோ அப்படி. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற இ.ஏ., யூபிசாஃப்ட், பிளிசார்ட், ஸ்கொயர் எனிக்ஸ், சோனி எல்லாம் இந்த வகை. பல ஸ்டூடியோக்கள் இவர்களுக்கே சொந்தம். ஒரு கேம் அரைவேக்காடாக வந்தால் ரசிகர்களின் கோபம் பெரும்பாலும் ஸ்டூடியோ ஊழியர்கள் மேல்தான் பாய்கிறது. தேதியையும் விலையையும் முடிவு செய்தவர்கள் வேறு இடத்தில் இருப்பார்கள். இ.ஏ.வுக்கும் யூபிசாஃப்டுக்கும் கணக்காண்டு மார்ச் 31 அன்று முடிகிறது. கிறிஸ்துமஸ் விற்பனைக்கு முன்னால், அது தவறினால் மார்ச் முடிவதற்குள் என்று கேம்கள் முண்டியடித்துக்கொண்டு வருவதற்கு இந்த நாட்காட்டி ஒரு முக்கியக் காரணம்.

இப்போது சர்வர் கதைக்கு வருகிறேன். சர்வர் என்பது நிறுவனம் தன் இடத்தில் வைத்திருக்கும், நாம் இன்டர்நெட் வழியே போய்ச் சேரும் கம்ப்யூட்டர். 2012 மே 15 அன்று பிளிசார்டின் டயாப்லோ 3 வெளியானது. தனியாக விளையாடினாலும் இன்டர்நெட் தொடர்பு இருந்தே ஆக வேண்டும். முதல் நாளே சர்வர்கள் படுத்துவிட்டன. எரர் 37 என்ற பிழைச் செய்தி அன்றைக்கே உலகம் முழுக்கப் பிரபலமாகிவிட்டது. பத்து மாதம் கழித்து, 2013 மார்ச்சில், இ.ஏ. தன் சிம்சிட்டியை அதே நிபந்தனையோடு வெளியிட்டது. அதே நெரிசல், அதே முடக்கம். நகரம் கட்டும் கேமில் நகரத்துக்குள்ளேயே நுழைய முடியவில்லை. முக்கியமான கணக்குகள் எங்கள் சர்வரில்தான் நடக்கின்றன, எனவே இன்டர்நெட் இல்லாமல் ஓட்டுவது கடினம் என்று விளக்கம் தந்தார்கள். வீட்டில் உட்கார்ந்து கேமைப் பிரித்துப் பார்த்த ஒரு ரசிகர், தொடர்பைத் துண்டித்தாலும் நகரம் பாட்டுக்கு ஓடுவதைக் காட்டினார். ஓராண்டு கழித்து, 2014 மார்ச்சில், இன்டர்நெட் இல்லாமல் ஆடும் வசதியை இ.ஏ.வே அப்டேட்டாகக் கொடுத்தது.

இங்கே பாடத்தைப் படித்து முடித்தவர் வேறொருவர். 2015 மார்ச்சில் பாரடாக்ஸ் என்ற பப்ளிஷர் சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் என்ற நகரம் கட்டும் கேமை வெளியிட்டார். இன்டர்நெட் தேவையில்லை, நிலமும் தாராளம், ரசிகர்கள் தாங்களே மாற்றங்கள் செய்துகொள்ளலாம். சிம்சிட்டியில் இல்லையே என்று ரசிகர்கள் ஏங்கியவற்றில் பெரும்பாலானவை அதில் இருந்தன. ஒரே மாதத்தில் 10 லட்சம் பிரதிகள் விற்றன. சிம்சிட்டியைச் செய்த மேக்சிஸின் எமரிவில் ஸ்டூடியோவை இ.ஏ. மூடியதும் அதே மார்ச்சில்தான். இதை நான் பல காலம் ஒரு நீதிக்கதை மாதிரி நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு 2023 அக்டோபரில் அதே பாரடாக்ஸ் சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2-ஐ, நல்ல கம்ப்யூட்டரிலும் திணறும் நிலையில் வெளியிட்டது. 2024 மார்ச்சில் அதற்குக் காசு வாங்கிக்கொண்டு கொடுத்த கடற்கரைக் கட்டடங்களின் கூடுதல் தொகுப்பு ரசிகர்களை மேலும் நோகடித்தது. மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பித் தர ஏற்பாடு செய்து, தொகுப்பை இலவசமாக்கினார்கள். அடுத்தவர் சூடுபட்டதைப் பார்த்து வளர்ந்தவரே எட்டு ஆண்டில் தானும் சூடுபட்டார்.

ஏன்? முதல் காரணம், ஏமாற்றம் வரும் நேரம். பணம் கட்டிய பிறகுதான் அது வருகிறது. 2020 டிசம்பர் 10 அன்று வெளியான சைபர்பங்க் 2077-க்கு முன்பதிவு மட்டும் 80 லட்சம். அதாவது கேம் எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரிவதற்கு முன்பே 80 லட்சம் பேர் வாங்கிவிட்டார்கள். வெளியாவதற்கு முன் விமர்சகர்களுக்குக் கம்ப்யூட்டர் பதிப்பு மட்டும்தான் தரப்பட்டது. சோனியின் பழைய கேம் கருவியான பிளேஸ்டேஷன் 4-இல் அது எவ்வளவு மோசமாக ஓடுகிறது என்பது வாங்கியவர்கள் வீட்டில்தான் தெரிந்தது. பாத்திரங்கள் அந்தரத்தில் நின்றன, கேம் அடிக்கடி தானாக மூடிக்கொண்டது. ஒரே வாரத்தில் சோனி தன் டிஜிட்டல் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டு, கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மறுபடி அங்கே விற்பனைக்கு வர 2021 ஜூன் ஆனது.

சைபர்பங்கைச் செய்து வெளியிட்ட சிடி புராஜெக்ட் அதன் பிறகு செய்ததை நான் மதிக்கிறேன். சும்மா விட்டுவிட்டுப் போகாமல் மூன்று ஆண்டு உழைத்தார்கள். 2023 செப்டம்பரில் 2.0 என்ற அப்டேட்டும் ஃபேன்டம் லிபர்ட்டி என்ற தொடர்ச்சியும் வந்தபோது அது உண்மையிலேயே வேறு கேமாக இருந்தது. ஆனால் இரண்டுமே பிளேஸ்டேஷன் 4-க்கு வரவில்லை. அந்தக் கருவியால் தாங்க முடியாததை அதில் திணிக்கக்கூடாது என்பது அவர்கள் கற்ற பாடம். நியாயமான பாடம்தான். முதல் நாள் அதே கருவியில் வாங்கி ஏமாந்தவருக்குத்தான் அதனால் எந்தப் பலனும் இல்லை. கம்பெனி கற்றுக்கொள்வதன் பயன் பெரும்பாலும் அடுத்த வாடிக்கையாளருக்கே போகிறது. ரசிகர்களின் கோபம் மன்னிப்பு அறிக்கையால் ஆறாததற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பணத்தைத் திருப்பித் தரும் வழி திறந்தால் எல்லாம் வேகமாக நடக்கிறது. கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற கடை 2015 ஜூன் தொடக்கத்தில் புதிய ரீஃபண்ட் விதியைக் கொண்டுவந்தது. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், காரணம் எதுவானாலும் பணம் திரும்பக் கிடைக்கும். அதே ஜூன் 23 அன்று பேட்மேன்: ஆர்கம் நைட்டின் கம்ப்யூட்டர் பதிப்பு, ஓட முடியாமல் நொண்டிக்கொண்டு வந்தது. மறுநாளே அதன் பப்ளிஷரான வார்னர் பிரதர்ஸ் விற்பனையை நிறுத்தியது. மறுபடி விற்க அக்டோபர் இறுதி வரை ஆனது. இதற்கு முன்பும் மோசமான கேம்கள் வந்திருக்கின்றன, மக்கள் திட்டியிருக்கிறார்கள். ஆனால் இந்த முறை திட்டோடு பணமும் திரும்பப் போனது.

இரண்டாவது காரணம், வருமானம். இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. 2017 நவம்பர். இ.ஏ.வின் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2 வெளியாக இருந்தது. முழு விலைக்கு விற்கும் கேம். அதில் ஸ்டார் வார்ஸ் படங்களின் பிரபல பாத்திரமான டார்த் வேடராக ஆட வேண்டுமானால், ஆடி ஆடிச் சேர்க்கும் 60,000 கிரெடிட் வேண்டும். ஒரு ரசிகர் உட்கார்ந்து கணக்குப் போட்டார்: சுமார் 40 மணி நேரம் ஆடினால்தான் அவ்வளவு சேரும். இன்னொரு பக்கம், லூட் பாக்ஸ் என்ற பெட்டிகள் காசுக்கு விற்கப்பட்டன. உள்ளே என்ன இருக்கும் என்று திறந்தால்தான் தெரியும். சண்டையில் பலம் கூட்டும் அட்டைகள் அதற்குள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். காசு செலவழித்தவர் வலுவாகிவிடுவார்.

ரசிகர்கள் கொதித்தார்கள். ரெட்டிட் தளத்தில் இ.ஏ. தரப்பு தந்த பதில், பாடுபட்டுப் பெறும்போது வரும் பெருமிதத்தை வீரர்களுக்குத் தருவதே எங்கள் நோக்கம் என்ற பொருளில் இருந்தது. அந்தத் தளத்தின் வரலாற்றிலேயே மிக அதிக எதிர்ப்பு வாக்குகள் பெற்ற பதில் அதுதான். ஆறு லட்சத்துக்கும் மேல். உடனே நாயகர்களின் விலையை 75 சதவீதம் குறைத்தார்கள், வேடர் 15,000 ஆனார். எல்லோரும் மகிழ்ந்தார்கள். கதைப் பகுதியை முடித்தால் கிடைக்கும் பரிசும் 20,000-லிருந்து 5,000 ஆகக் குறைந்திருப்பதை ஒருவர் கவனிக்கும் வரை. வெளியீட்டுக்குச் சில மணி நேரம் முன்பு, நவம்பர் 16 அன்று, காசு கொடுத்து வாங்கும் வழியையே மொத்தமாக நிறுத்தினார்கள். 2018 மார்ச்சில், பெட்டியில் பலம் கிடைக்கும் முறையும் ஒழிந்தது.

இ.ஏ. பாடம் கற்றதா? கற்றது. 2019 நவம்பரில் அதே ஸ்டார் வார்ஸ் உலகில் அது வெளியிட்ட ஜெடாய்: ஃபாலன் ஆர்டர் தனியாக ஆடும் கேம். லூட் பாக்ஸ் இல்லை, உள்ளே கடை எதுவும் இல்லை. நன்றாகவும் விற்றது. ஆனால் இதே காலம் முழுவதும் இ.ஏ.வின் ஃபிஃபா கால்பந்து கேமில் அல்டிமேட் டீம் என்ற பகுதி ஓடிக்கொண்டிருந்தது. யார் வருவார் என்று தெரியாத வீரர் பொட்டலங்களைக் காசுக்கு வாங்கி அணி சேர்ப்பது. அடிப்படையில் அதே பெட்டிதான். 2021 மார்ச்சில் முடிந்த கணக்காண்டில் அல்டிமேட் டீம் வகை மட்டும் இ.ஏ.வுக்கு 162 கோடி டாலர் தந்தது, மொத்த வருமானத்தில் 29 சதவீதம். ஸ்டார் வார்ஸ் அடுப்பு சுட்டது. கால்பந்து அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. அதை ஏன் அணைப்பார்கள்?

ஓரிடத்தில் மட்டும் அணைத்தார்கள். 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், ஃபிஃபா 18 உட்பட மூன்று கேம்களின் லூட் பாக்ஸ்கள் சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்று அறிவித்தது. 2019 ஜனவரியில் இ.ஏ. அந்த நாட்டில் மட்டும் பொட்டலம் வாங்கும் புள்ளிகளை விற்பதை நிறுத்தியது. ஆறு லட்சம் எதிர்ப்பு வாக்கு ஒரு கேமை மாற்றியது, ஒரு சிறு நாட்டின் சட்டம் இன்னொரு கேமை அந்த எல்லைக்குள் மாற்றியது. பெட்டிக்குள் என்ன என்று தெரியாமல் சிறுவர்கள் காசைக் கொட்டுவது தவறு என்ற எண்ணம் மாற்றவில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

மூன்றாவது, மறதி. ஒரு பெரிய கேம் செய்ய நான்கைந்து ஆண்டு ஆகிறது. அதற்குள் முடிவெடுத்தவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள், சில சமயம் ஸ்டூடியோவே இருப்பதில்லை. இ.ஏ.வின் பேட்டில்ஃபீல்ட் 4 ஏராளமான பிழைகளோடு 2013-இல் வந்து, பொறுமையாகச் சரிசெய்யப்பட்டு, பலரின் அன்பைப் பெற்றது. எட்டு ஆண்டு கழித்து பேட்டில்ஃபீல்ட் 2042 வந்தபோது பழைய ரசிகர்கள் தலையில் கை வைத்தார்கள். பிழைகள் ஒரு பக்கம் இருக்கட்டும், இந்தத் தொடரின் அடையாளமாக இருந்த நான்கு வகைச் சிப்பாய் முறை போயிருந்தது. யார் எத்தனை பேரை வீழ்த்தினார் என்று காட்டும் வழக்கமான ஸ்கோர்போர்டு கூட வெளியீட்டன்று இல்லை. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அடுத்த கேமை அரைகுறையாக இருக்கும்போதே ரசிகர்களிடம் கொடுத்து ஆடவைத்துக் கருத்துக் கேட்டார்கள். அப்படி 2025 அக்டோபரில் வந்த பேட்டில்ஃபீல்ட் 6 மூன்று நாளில் 70 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. இது உண்மையான கற்றல். இதற்கு அடுத்ததைச் செய்யும்போது இதே ஆட்கள் இருப்பார்களா என்பதே என் கவலை.

இவ்வளவு சொன்னதால் எல்லாம் இருட்டு என்று நினைக்க வேண்டாம். முழுமையாகக் கற்ற ஒரு கதை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 2010 செப்டம்பரில் ஸ்கொயர் எனிக்ஸ் வெளியிட்ட ஃபைனல் ஃபேன்டசி 14 படுமோசமாக இருந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் சேர்ந்து ஆடும் ஆன்லைன் கேம் அது, மாதச் சந்தா உண்டு. டிசம்பரில் நிறுவனத் தலைவர் யோய்ச்சி வாடா பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார், சந்தா வாங்குவதைத் தள்ளிப்போட்டார், பொறுப்பை நவோக்கி யோஷிடாவிடம் கொடுத்தார். அவர் என்ன தவறு நடந்தது என்று தோண்டிப் பார்த்தார். பின்னாளில் அவர் சொன்ன ஓர் உதாரணம் என் மனதை விட்டு அகலவில்லை. கேமில் ஓரமாக இருக்கும் ஒரு பூந்தொட்டியை, ஆடுபவரின் பாத்திரத்துக்கு இணையான நுணுக்கத்தோடு வரைந்திருந்தார்களாம். அழகு அழகு என்று தொட்டிக்கு இழைத்ததில், இருபது பேர் ஒரே இடத்தில் கூடினால் கம்ப்யூட்டர் மூச்சுவாங்கியது. எதுவானாலும் பிறகு பேட்ச் போட்டுச் சரிசெய்யலாம் என்ற எண்ணமும், மற்ற ஆன்லைன் கேம்களை ஆடிப் பார்க்காததும் காரணம் என்று தன் நிறுவனத்தைப் பற்றியே மேடையில் சொன்னார்.

பழைய கேமைப் பராமரித்துக்கொண்டே புதிதாக ஒன்றை அடியிலிருந்து கட்டினார்கள். 2012 நவம்பர் 11 அன்று பழைய உலகத்தின் சர்வர்களை அணைத்தபோது, கதையிலேயே ஒரு சிவந்த நிலவு வானிலிருந்து இறங்கி, அதற்குள்ளிருந்து வெடித்து வந்த ராட்சத டிராகன் அந்த உலகை அழித்தது. கடைசி நிமிடம் வரை ரசிகர்கள் உள்ளே நின்று பார்த்தார்கள். 2013 ஆகஸ்டில் புதிய உலகம் திறந்தது, இன்றும் நடக்கிறது. இங்கே தவற்றை ஒப்புக்கொண்டவருக்கு அதிகாரமும் பணமும் காலமும் கிடைத்தன, அவர் அங்கேயே தங்கினார். மாதச் சந்தா என்பதால் ஒவ்வொரு மாதமும் ரசிகரின் நம்பிக்கையைச் சம்பாதித்தே ஆக வேண்டிய கட்டாயமும் இருந்தது.

அதே ஸ்கொயர் எனிக்ஸ்தான் 2020-இல் மார்வெல்'ஸ் அவெஞ்சர்ஸை வெளியிட்டது. காசுக்கு விற்பது உடை, அலங்காரம் மட்டும்தான் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். 2021 அக்டோபரில், பாத்திரத்தை வேகமாக வளர்க்கும் பூஸ்டர்களைக் காசுக்கு விற்றார்கள். சில வாரங்களில் மன்னிப்புக் கேட்டு எடுத்தார்கள். 2023 செப்டம்பரில் கேமுக்கான ஆதரவே முடிந்தது. பாடம் அதே கட்டடத்தில் இருந்தும் பக்கத்து அறைக்குப் போகவில்லை.

ஆகவே ஒரு மன்னிப்பு அறிக்கை வந்தால் அதன் சொற்களில் நான் அதிகம் நேரம் செலவிடுவதில்லை. தவறு எந்த வருமான வழியில் நடந்தது, அந்த வழி மூடப்பட்டதா என்று பார்க்கிறேன். முதலில் வாங்கியவருக்கு என்ன கிடைத்தது என்று பார்க்கிறேன். அடுத்த கேமின் விமர்சனங்கள் வெளியீட்டுக்கு முன்பே வருகின்றனவா என்று கட்டாயம் பார்க்கிறேன். 2014-இல் யூபிசாஃப்டின் அசாசின்ஸ் கிரீட்: யூனிட்டி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து பல மணி நேரம் ஆன பிறகுதான் விமர்சனம் எழுத அனுமதித்தார்கள். முகத் தோல் மறைந்து கண்ணும் பல்லும் மட்டும் மிதக்கும் அந்தப் பிரபலமான பிழையை வாங்கியவர்கள்தான் முதலில் கண்டார்கள். அதற்குப் பிறகு யூபிசாஃப்ட் 2016-இல் இந்தத் தொடருக்கு ஓராண்டு ஓய்வு கொடுத்தது. அதே தொடரின் ஷேடோஸை 2024 நவம்பரிலிருந்து இருமுறை தள்ளி 2025 மார்ச் 20 அன்று வெளியிட்டது. பண்டிகைக் கால விற்பனையை விட்டுக்கொடுத்துத் தேதியைத் தள்ளுவது சாதாரண விஷயமில்லை.

அதே யூபிசாஃப்டுக்கு இன்னொரு அடுப்பும் உண்டு. 2014-இல் வந்த தி க்ரூ என்ற கார் பந்தய கேம், தனியாக ஆடினாலும் சர்வர் வேண்டும் என்ற வகை. 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதன் பிறகு திறக்க முடியவில்லை. அடுத்த மாதமே ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் என்ற இயக்கத்தைத் தொடங்கினார். விற்ற கேமை, ஆதரவு முடிந்த பிறகும் ஆடக்கூடிய நிலையில் விட்டுச் செல்ல வேண்டும் என்பது கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கான குடிமக்கள் மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. இதற்கிடையில், 2024 செப்டம்பரில், தி க்ரூ 2-க்கும் அதற்கடுத்த மோட்டார்ஃபெஸ்டுக்கும் இன்டர்நெட் இல்லாமல் ஆடும் வசதி வரும் என்று யூபிசாஃப்ட் அறிவித்தது. தி க்ரூ 2-க்கு 2025-இல் வந்தும்விட்டது. முதல் தி க்ரூவுக்கு அப்படி எதையும் அவர்கள் தரவில்லை. அதை ரசிகர்களே தங்கள் சொந்த சர்வர் எழுதி, 2025 செப்டம்பரில் மறுபடி ஓடவைத்தார்கள்.